கேரக்டர் ஸ்கின் வாங்கலாமா? கடைக்குள் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்கின், அதாவது கேமில் கேரக்டரின் தோற்றத்தை மாற்றும் உடை, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த கேமில் உங்கள் கேரக்டர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? சின்னக் கேள்விதான், ஆனால் பாதிப் பதில் இதிலேயே வந்துவிடும்.

ஃபோர்ட்நைட்டில் கேமரா கேரக்டருக்குப் பின்னால் நிற்கிறது. ஆட்டம் முழுக்க நாம் பார்ப்பது முதுகை. கடையில் முகம், மார்புக் கவசம், பெல்ட் என்று முன்பக்கத்தைத்தான் அழகாகக் காட்டுவார்கள். ஓடும்போது கண்ணில் படுவதோ பின்தலையும் தோளும் முதுகில் மாட்டிய பையும். அதனால் இந்த மாதிரி கேம்களில் ஸ்கின்னைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை கேம்களில் இருவரும் பக்கவாட்டில் முழு உருவமாக நிற்கிறார்கள். ரவுண்டுக்கு ரவுண்டு உடையின் மடிப்பு வரை தெரியும். உடைக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கு நன்றாகத் திரும்பி வருவது இந்த வகையில்தான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 போன்றவற்றில் மேலிருந்து பார்க்கிறோம், கேரக்டர் விரல் அளவுதான் இருக்கும். அங்கே உடையைவிட, ஸ்கின்னோடு சேர்ந்து வரும் தாக்குதல் ஒளியும் சத்தமும் அசைவுகளும்தான் வித்தியாசம் காட்டும். லீக்கில் விலை கூடிய ஸ்கின்கள் இவற்றையெல்லாம் மாற்றித் தருகின்றன. மலிவானவை பெரும்பாலும் உருவத்தோடு நின்றுவிடும்.

இனி, கேரக்டரின் கண் வழியாகவே பார்க்கும் துப்பாக்கி கேம்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2019 நவம்பரில் ஏஜென்ட் என்ற பெயரில் கேரக்டர் ஸ்கின்கள் வந்தன. வாங்கியவருக்கு ஆட்டத்தில் தெரிவது சட்டைக் கையும் விரலும்தான். மீதி எல்லாம் அடுத்தவர் பார்க்க. 2020-இல் வாலரன்ட் வந்தபோது ரயட் நிறுவனம் அதில் கேரக்டர் உடைகளை விற்கவில்லை, துப்பாக்கி ஸ்கின்களை விற்றது. திரையில் எந்நேரமும் நிற்பது துப்பாக்கி என்பதால் அது வாங்குபவருக்கும் நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

சரி, தனக்குத் தெரியாத உடையை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? மற்றவர்கள் பார்ப்பதற்காகத்தான். இதை ஏளனமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். மெய்நிகர் உலகில் உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள், குட்டையான உருவம் பெற்றவர்களைவிடப் பேரத்தில் உறுதியாக நின்றார்கள். அழகான உருவம் பெற்றவர்கள் எதிரில் இருப்பவரிடம் இன்னும் நெருங்கி நின்று பேசினார்கள். திரையில் நமக்குக் கிடைக்கும் உருவம் நம் நடத்தையைத் தொடுகிறது என்பதுதான் அதன் சாரம். ஆக, பிடித்த உடை போட்ட கேரக்டரோடு விளையாடும்போது ஒரு தெம்பு வருகிறது என்று ஒருவர் சொன்னால், அது வெறும் கற்பனை இல்லை.

ஆனால் இதே ஆசைக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் அலுவலகம் 2019-இல் கேம்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஃபோர்ட்நைட்டில் காசு கொடுத்து ஸ்கின் வாங்காத பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் 'டிஃபால்ட்' என்று கேலி செய்வதை அதில் குழந்தைகளே சொல்லியிருந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் உடையைப் போட்டிருப்பதே ஓர் அவமானம் ஆகிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை ஸ்கின் கேட்டு அழுதால், அது உடைக்காக அழுகிறதா, கேலியிலிருந்து தப்பிக்க அழுகிறதா என்று பெற்றோர் ஒரு நிமிடம் உட்கார்ந்து கேட்பது நல்லது. இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

இந்த வியாபாரம் எப்படி வந்தது

2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்லிவியன் என்ற கேமுக்குக் குதிரைக் கவசம் ஒன்றை 2.50 டாலருக்கு விற்றது. ஒருவர் தனியாக விளையாடும் கேம் அது, கவசத்தைப் பார்க்க வேறு யாரும் இல்லை. முழு விலை கொடுத்து கேம் வாங்கியவர்களிடம் குதிரைக்கு உடை வாங்கச் சொல்வதா என்று பெரிய கோபம் கிளம்பியது. பல வருடங்களுக்கு அந்தக் கவசம்தான் வீண் டிஎல்சிக்கு (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பொருளுக்கு) எல்லோரும் சொல்லும் உதாரணம். 2025 ஏப்ரலில் அதே கேம் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, விலை கூடிய பதிப்போடு புதிய குதிரைக் கவசங்களும் சேர்ந்தே வந்தன. இந்த முறை அந்தக் கோபம் இல்லை. இத்தனை வருடங்களில் நம் பார்வை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

அந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் இலவச கேம்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009-இல் இலவசமாக வந்து ஸ்கின்களை விற்றுப் பிழைத்தது. அதே வருடம் டீம் ஃபோர்ட்ரெஸ் 2-இல் தொப்பிகள் நுழைந்தன. 2010 செப்டம்பரில் அவற்றை விற்க ஒரு கடை திறந்தது. 2011 ஜூனில் கேமே இலவசம் ஆனது. டோட்டா 2 இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லா ஹீரோக்களும் எல்லோருக்கும் இலவசம், விற்பனைக்கு இருப்பது அலங்காரம்தான். 2013-இலிருந்து அதன் பெரிய போட்டியான தி இன்டர்நேஷனலின் பரிசுத் தொகையில், அதையொட்டி விற்ற டிஜிட்டல் தொகுப்பின் வருமானத்திலிருந்து கால் பங்கு சேர்ந்தது. 2021-இல் அந்தப் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியது. ஃபோர்ட்நைட் 2018, 2019 ஆகிய இரண்டே வருடங்களில் 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, ஆப்பிளுடன் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆடத் தெரிந்தவன் ஜெயிப்பான், காசு உள்ளவன் அலங்காரம் செய்துகொள்வான். காசு இல்லாத மாணவரும் அதே சர்வரில், அதே கேரக்டரோடு, அதே பலத்தோடு விளையாடலாம். வாங்குபவர்களின் பணத்தில்தான் வாங்காதவர்களின் ஆட்டமும் நடக்கிறது. பல நூறு மணி நேரம் இலவசமாக விளையாடிய கேமில் ஒரு ஸ்கின் வாங்குவதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி, கிடைத்த பொழுதுக்குக் கொடுக்கும் விலை அது.

முழு விலை வாங்கிய கேமில்தான் எனக்கு உறுத்தல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளிவந்தது 2023 ஜூனில், விலை 60 டாலர். ஆகஸ்டில் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் உடைகள் வந்தன. ஓர் உடை சுமார் 15 டாலர், நான்கும் வேண்டுமென்றால் கேமின் முழு விலைக்கே வந்து நிற்கும். அதுவும் ரியு, சுன்லி போன்ற சண்டைக் கேரக்டர்களுக்கான உடை இல்லை. நாம் உருவாக்கும் அவதாருக்கு மட்டும். ஒரு காலத்தில் சண்டை கேம்களில் மாற்று உடை என்பது விளையாடிச் சம்பாதிப்பது. கஷ்டமான எதிரியை வீழ்த்தினால் ஓர் உடை திறக்கும், அந்த உடையைப் போட்டவனைப் பார்த்தாலே இவன் எதைத் தாண்டி வந்தவன் என்று தெரியும். அந்த அர்த்தத்தைக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் துணியை விற்கும்போது, விலை குறைவாக இருந்தாலும் கேமிலிருந்து ஏதோ ஒன்று போய்விடுகிறது.

கடைக்குள் என்ன நடக்கிறது

ஸ்கின்னின் தரத்தைவிட அதை விற்கும் விதம்தான் பல நேரம் நம்மை ஏமாற்றுகிறது. கடைத் திரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஓர் உடைக்கு விலை 1,200 காயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயின் விற்கப்படுவது 500, 1,000, 2,800 என்ற பொட்டலங்களில். 1,000 வாங்கினால் 200 குறைகிறது. அதோடு ஒரு 500 சேர்த்தால் 300 மிஞ்சும். மிஞ்சிய 300-க்கு எதுவும் வராது, ஆனால் சும்மா விடவும் மனசு வராது. அடுத்த மாதம் இன்னொரு உடை வரும்போது "ஏற்கெனவே 300 இருக்கிறதே" என்ற நினைப்பே முதல் படியாகிவிடும். இதற்கிடையில் 1,200 காயின் என்பது கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவு என்ற கணக்கு மறந்தே போகும். காயின் என்ற இடைப்பொருளின் வேலையே அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் கேம் காயின்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டன. பொருளின் விலையை உண்மைப் பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் காயின் வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. அது எல்லாக் கடைகளிலும் நடைமுறைக்கு வரும்வரை கணக்கை நாமே போட வேண்டும்: காயின் பொட்டலத்துக்குக் கொடுக்கும் மொத்தப் பணம்தான் உடையின் விலை. மிச்சக் காயினைக் கழிக்கக் கூடாது.

அடுத்து, கடிகாரம். 'இன்னும் 14 மணி நேரம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். இணையத்தில் இருக்கும் உடைக்குச் சரக்குத் தீர்ந்துபோவது என்ற பேச்சே இல்லை. அவசரம் கடைக்காரர் உண்டாக்கியது. ஃபோர்ட்நைட் கடையில் பல உடைகள் போய்விட்டுத் திரும்ப வருகின்றன. இனி வரவே வராது என்று விற்கப்பட்டவற்றின் கதையும் மாறுகிறது: புதிய பேட்டில் பாஸ் (ஒரு சீசனுக்குக் காசு கட்டி, விளையாடித் திறக்கும் பரிசுத் தொகுப்பு) உடைகள் 18 மாதங்கள் கழித்துக் கடைக்கு வரக்கூடும் என்று ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2024-இல் அறிவித்தது. 'இப்போது விட்டால் எப்போதும் இல்லை' என்பதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால், அந்த உடை உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பொத்தான்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022 டிசம்பரில் எபிக் மீது எடுத்த நடவடிக்கை மொத்தம் 52 கோடி டாலரில் முடிந்தது. அதில் 24.5 கோடி, விருப்பமில்லாமல் வாங்கவைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. உறக்கநிலையில் இருக்கும் கேமை எழுப்பும்போதும், கேம் லோட் ஆகும்போதும், ஒரு பொருளைச் சும்மா பார்க்கும்போது பக்கத்துப் பொத்தான் பட்டுவிட்டாலும் காசு கழிந்தது என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. வீட்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்றால் கார்டை அக்கவுண்டில் சேமித்து வைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

பேட்டில் பாஸ் இதில் தனி ரகம். விலை குறைவாகத் தெரியும், உள்ளே பத்து இருபது பொருள்கள் இருக்கும். ஆனால் காசு கொடுத்த பிறகு அதை விளையாடித் திறக்க வேண்டும், சீசன் முடிவதற்குள். பிடித்த நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர், பாஸ் வாங்கிய பிறகு இன்றைய சவாலை முடிக்க வேண்டுமே என்று உட்காருகிறார். ஓய்வு கடமையாகிவிடுகிறது. 2021-இல் வந்த ஹேலோ இன்ஃபினிட்டும் 2024-இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-உம் காலாவதியாகாத பாஸ்களை விற்றுக் காட்டின. வாங்கி வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். இப்படியும் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு, மற்றவர்கள் கெடு வைப்பதை நான் ஏற்கத் தயாரில்லை.

லூட் பாக்ஸ் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை: வாங்காதீர்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுப்பது சூதாட்டத்தின் வடிவம். 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஓவர்வாட்ச், ஃபிஃபா 18, கவுன்டர் ஸ்ட்ரைக் ஆகியவற்றின் காசுப் பெட்டிகள் அந்த நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று சொன்னது. ஓர் உடை வேண்டுமென்றால் அந்த உடைக்கு ஒரு விலை இருக்க வேண்டும்.

வாங்கினால் அது நம்முடையதா

இல்லை. இதை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். நாம் வாங்குவது உரிமம். கம்பெனி அந்த சர்வரை நடத்தும்வரை, நம் அக்கவுண்ட் தடையாகாமல் இருக்கும்வரை அந்த உடை இருக்கும். யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-ஆம் தேதி மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட அதன் பிறகு கேமைத் திறக்க முடியவில்லை. கேமே போகும்போது அதிலிருந்த அலங்காரம் எங்கே நிற்கும்? 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற நுகர்வோர் இயக்கம் அதையொட்டிப் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் சட்டப்படி, டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்பவர்கள், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நேர்மையாக நடந்துகொண்ட உதாரணமும் உண்டு: 2018-இல் பாராகான் என்ற கேமை மூடியபோது எபிக், வீரர்கள் செலவழித்ததைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது.

"ஆனால் கவுன்டர் ஸ்ட்ரைக் ஸ்கின்னைத் திருப்பி விற்கலாமே" என்பார்கள். விற்கலாம், உண்மைதான். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் சொந்தக்காரரான வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற கேம் கடையின் சந்தையில் விற்றால் ஸ்டீமுக்கு 5 சதவீதம், கேமுக்கு 10 சதவீதம் கட்டணம். வரும் பணம் ஸ்டீம் வாலட்டில்தான் விழும், வங்கிக்கு எடுக்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, விதிகளை எழுதுபவர் ஒருவரே என்பது. 2025 அக்டோபரில் வால்வ் ஒரு சின்ன மாற்றம் செய்தது: ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்றது. அதுவரை அரிதாக இருந்த கத்திகளின் விலை சரசரவென்று இறங்கியது, சிவப்பு ஸ்கின்களின் விலை ஏறியது. கத்தியைச் சேமிப்பு என்று நம்பி வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது மதிப்பு கரைந்திருந்தது. கேம் வால்வுடையது, விதியும் அவர்களுடையதே. ஸ்கின்னுக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள், முதலீடு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அலங்காரம் மட்டும்தான் என்று சொல்லி விற்பவை எப்போதும் அலங்காரமாகவே நிற்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. கால் ஆஃப் டியூட்டி வார்ஸோனில் ரோஸ் என்ற கேரக்டருக்கு 2020-இல் பேட்டில் பாஸ் வழியாக ஒரு கறுப்பு உடை வந்தது. தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு. வெளிச்சம் குறைந்த அறையின் மூலையில் பதுங்கி நின்றால் சுவரும் ஆளும் ஒன்றாகிவிடும், சுடப்பட்டு விழுந்த பிறகுதான் அங்கே ஒருவர் இருந்ததே தெரியும். லாபியில் (ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் இடத்தில்) பாதிப் பேர் அந்த உடையில் வரத் தொடங்கினார்கள். புகார் பெருகி, 2021-இல் உடையின் நிறத்தைக் கண்ணுக்குப் படும்படி மாற்ற வேண்டி வந்தது. நிறத்துக்காக வாங்கியவர்களிடம் மிஞ்சியது வேறொரு உடை. ஆட்டத்தில் சாதகம் தரும் ஸ்கின் என்று யாராவது பரிந்துரைத்தால், அது கூடிய சீக்கிரம் மாற்றப்படும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அப்போ எப்போது வாங்கலாம்

எனக்குத் தெரிந்து இதற்கு விலையைவிட நல்ல அளவுகோல் பழக்கம்தான். புது கேரக்டருக்கு முதல் நாளே உடை எடுப்பது அநேகமாக வீண். அந்தக் கேரக்டர் நம் கைக்கு ஒத்துவருமா என்றே அப்போது தெரியாது. அடுத்த அப்டேட்டில் அதன் பலம் குறைக்கப்பட்டால் நாமே கைவிட்டுவிடுவோம். மாறாக, வருடக்கணக்காக நீங்கள் தேர்ந்தெடுக்கும் கேரக்டர் ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் அந்த கேமைத் திறப்பதே இல்லை என்றால், அதற்கு ஒரு நல்ல உடை வாங்குவது நிறைவான செலவு. பத்து உடை வாங்கியவர்களைவிட ஒரே உடையை ஆயிரம் ஆட்டங்களில் போட்டவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பண்டில் என்று ஐந்து பொருளைச் சேர்த்துத் தள்ளுபடி காட்டும்போதும் இதே கேள்விதான்: அந்த ஐந்தில் எதைப் போடப் போகிறோம்?

வாங்கும் காசு எங்கே போகிறது என்பதும் மதிப்பின் ஒரு பகுதியே. 2018 மே மாதம் ஓவர்வாட்சில் மெர்சி கேரக்டருக்கு இளஞ்சிவப்பு உடை ஒன்று 15 டாலருக்கு வந்தது. வருமானம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு. 1.27 கோடி டாலர் சேர்ந்தது. அந்த உடையைப் போட்டு யாராவது வந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. சிறிய குழுக்கள் உருவாக்கும் கேம்களில் அலங்காரத் தொகுப்பு வாங்குவதும் கிட்டத்தட்ட அப்படித்தான், அந்தப் பணம் அடுத்த வருட வேலைக்கு நேராகப் போகிறது.

தனியாக விளையாடும் கேம் என்றால், அதுவும் கணினியில் என்றால், கடைக்குப் போகும் முன் மாட்களை (mods, கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் கோப்புகளை) தேடிப் பாருங்கள். ஸ்கைரிம் போன்ற கேம்களுக்கு ரசிகர்களே செய்து இலவசமாகக் கொடுத்திருக்கும் உடைகளும் கவசங்களும் எண்ணி முடியாதவை, சிலவற்றின் வேலைப்பாடு அதிகாரப்பூர்வ உடைகளைவிடச் சிறப்பு. ஆன்லைன் போட்டி கேம்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அக்கவுண்ட் தடையாகும்.

கடைசியாக, பணம் கட்டும் திரையில் நின்றுகொண்டு பார்க்க வேண்டியவை இரண்டு. போனில் வாங்கியது கன்சோலில் வருமா என்பது கேமுக்கு கேம் மாறும். அக்கவுண்டை இணைத்தால் வருகிறதா, காயின் மட்டும் அந்தந்தத் தளத்திலேயே தங்கிவிடுகிறதா என்று உதவிப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அப்புறம் ரீஃபண்ட். பல கேம்களில் வாங்கிய ஸ்கின்னை ஓர் ஆட்டத்தில் போட்டுவிட்டாலே திருப்பித் தரும் வாய்ப்பு முடிந்துவிடும். வாங்கிய கையோடு ஆட்டத்துக்குள் குதிக்காமல், லாபியில் வைத்தே எல்லாப் பக்கமும் சுழற்றிப் பாருங்கள். படத்தில் பார்த்தது மாதிரி இல்லை என்று தோன்றினால் உடனே ரத்து செய்துவிடுங்கள்.